ஒரு சொட்டு எண்ணெய்

பூட்டுக்காரர் யாரையும் முதல் பார்வையில் நம்புகிற ஆள் இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று பதறிக்கொண்டு வருகிறவரை முதலில் உட்காரச் சொல்வார். குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும், பீரோவின் மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று பொழுதுபோகாமல் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்பார். பதிலில் எங்கேயாவது தடுமாற்றம் தெரிந்தால் போதும், கருவிப் பை ஆணியிலேயே தொங்கும்.

அதற்கு மேல் இன்னொரு கறாரும் உண்டு. பூட்டைத் திறக்கும்போது பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கணவன் வந்து மனைவியின் அலமாரியைத் திறக்கச் சொன்னாலும், முதலாளி வந்து வேலையாளின் பெட்டியைத் திறக்கச் சொன்னாலும் அவரிடம் ஒரே பேச்சுத்தான், சொந்தக்காரர் வரட்டும். இதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. ஆனால் இதனால்தான் அந்தத் தெருப் பெண்கள் வீட்டுச் சாவிக்கொத்தை அப்படியே அவர் மேஜையில் போட்டு, "இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு வெட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்கள்.

கடை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்து. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும், அதனால் அவருக்கு வெளியே வந்தாலும் முதுகு லேசாக வளைந்தே இருக்கும். மூன்று பக்கச் சுவரிலும் வெட்டாத சாவிகள் தொங்கின. சாவி வெட்டும் மெஷினுக்கு அடியில் பித்தளைத் தூள் மணல்போலக் குவிந்து கிடந்தது. மேஜையின் வலது மூலையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. கைக்கு எந்தப் பூட்டு வந்தாலும், அது எதற்காக வந்திருந்தாலும், வேலை முடிந்ததும் அதன் வாயில் ஒரு சொட்டு விட்டு, சாவியைத் திருப்பிப் பார்த்து, துணியால் துடைத்துத்தான் கொடுப்பார். யாரும் கேட்பதில்லை. கேட்காமலே அந்தக் கை அதைச் செய்யும்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் கடை. கடைக்காரருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஜெராக்ஸ் நல்லவர்தான், ஆனால் வாயை மூடி வைக்க ஆண்டவன் அவருக்கு ஒரு பூட்டுக் கொடுக்க மறந்துவிட்டான். அவருடைய மகனும் பூட்டுக்காரரின் மகளும் பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தார்கள். ஒரு நாள் காலையில் மெஷின் சூடாகும்வரை வெளியே நின்ற ஜெராக்ஸ், குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே, புதுசா ஒரு இங்கிலீஷ் மிஸ் வந்திருக்காங்களே, பாப்பா ஏதாவது சொல்லுச்சா?"

"இல்லையே. என்ன?"

"பெஞ்சையெல்லாம் சுவத்தோரமாத் தள்ளிட்டாங்களாம். நடுவுல ஒத்தை நாற்காலி. கதவைச் சாத்திக்கிட்டுதான் பாடமாம். இலக்கணம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. இங்கிலீஷையும் நாடகத்தையும் ஒண்ணாக் கலந்துட்டாங்களாம். பசங்க ஒவ்வொருத்தரா அந்த நாற்காலியில உக்காந்து வேற யாரோவா மாறிடணுமாம். மத்தவங்க கேள்வி கேக்கணுமாம்."

பூட்டுக்காரர் அரத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நாடகம்னா அப்படித்தானே இருக்கும்."

"அது இல்லண்ணே விஷயம். அந்த நாற்காலியில உக்காந்து என்ன சொன்னாலும், எழுந்தப்புறம் அதைப் பத்தி யாரும் கேக்கக் கூடாதாம். அது சட்டமாம்."

அரம் நின்றது. "யாரும்னா? பெத்தவங்களுமா?"

"யாரும்னா யாரும்தானே அண்ணே."

ஜெராக்ஸ் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். பூட்டுக்காரருக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் போடுகிறவர்களை அவருக்குத் தெரியும். எதையும் கேட்காமல் திறந்து கொடு, கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று வருகிற ரகம். அப்படி வந்த எவனும் யோக்கியனாக இருந்ததில்லை. இப்போது அதே பேச்சு மகளின் வகுப்பறையிலிருந்து வருகிறது.

யோசிக்க யோசிக்க, பாப்பாவிடமும் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து, மேஜைக்கடியில் இருக்கிற சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சாவிகளை ரகம் பிரித்து மாட்டுவாள். இப்போது வருவதில்லை. நேராக வீடு. சாப்பிடும்போது அவரையே பார்க்கிறாள். ரொட்டியைப் பிய்ப்பதை, டம்ளரைப் பிடிப்பதை, ஏப்பத்தை அடக்குவதைக்கூட விடாமல் பார்க்கிறாள். அவர் நிமிர்ந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். பொய் சொல்வது யாரென்று கண்டுபிடிப்பதுதான் தன் தொழில் என்று இருந்த மனுஷனுக்குத் தன் வீட்டிலேயே யாரோ தன்னை வேவு பார்ப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் அவளே கேட்டாள்: "அப்பா, உங்களுக்குப் பயமா இருந்தா கையை என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்ன பயம்?"

"இருந்தா?"

"சாப்பிடு பாப்பா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கண் மட்டும் அவர் கைமேல்தான் இருந்தது.

பாப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. கட்டிலுக்கடியில் இருக்கும். அவள் சின்னவளாக இருந்தபோது, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு குட்டிப் பூட்டை அதற்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிடும். அவள் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். கொண்டா, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பாப்பா கொடுத்ததே இல்லை. "சத்தம் இருக்கட்டும்பா. யாராவது திறந்தா எனக்குத் தெரியும்ல" என்பாள். அப்போதெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தவர், பூட்டுக்காரன் மகள் என்று பெருமைகூடப் பட்டவர். அந்தச் சாவி முன்பு ஆணியில் தொங்கும். இப்போது கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கிடந்தது.

பிற்பகலில் ஒரு நாள் மழை பிடித்தது. கரண்டும் போயிற்று. மெஷின் ஓடாத கடையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைவிட வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினார். அவர் மனைவி ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போகிறவள். மத்தியானம் போனால் இருட்டித்தான் வருவாள். ஆகவே வீட்டில் பள்ளி விட்டு வந்த பாப்பா மட்டும்தான் இருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளறையில் ஒரு ஆண் குரல். இங்கிலீஷில் பேசியது. கனமான, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். நடுவில் ஒரு இருமல், சரளைக் கல்லைத் தட்டில் போட்டு உருட்டியதுபோல. பிறகு செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். மறுபடியும் குரல். ஏதோ கேட்டு, தானே "ம்ம்" என்று ஒப்புக்கொண்டது.

பூட்டுக்காரர் செருப்போடேயே உள்ளறை வாசலுக்குப் போனார். கதவைத் தட்டினார். குரல் நின்றது. ஏதோ சுருட்டுகிற சத்தம், பெட்டி மூடுகிற சத்தம், கிறீச். கதவைத் திறந்த பாப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வை.

"யாரு பாப்பா உள்ள?"

"யாருமில்லப்பா. பாடம்."

அறைக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லைதான். ஆனால் பக்கத்துச் சந்துப் பக்கம் இருந்த ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், உறுதியாகத்தான் இருந்தன. உள்ளே வர முடியாது. வெளியே நின்று பேசலாம். குடையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்ப் பார்த்தார். சிமெண்ட் தரையில், கொட்டுகிற மழையில் எவன் நின்ற தடம் தெரியப்போகிறது. திரும்பி வந்தபோது பாப்பா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன தேடுகிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவருக்கும் விளங்கியது.

அன்று இருட்டியபின் மாவு வாசனையோடு வீட்டுக்கு வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பாடம்னு சொல்றாளே."

"பாடத்துல ஆம்பளை இருமுவானா?"

"பூட்டோடயே இருந்து இருந்து உங்களுக்கு யாரைப் பாத்தாலும் கள்ளச் சாவியாத்தான் தெரியுது. இங்கிலீஷ்னா வாயே திறக்காத பொண்ணு. போன வருஷம் எழுப்பி நிக்கவெச்சா அழுதுட்டு வருவா. இப்போ வீட்டுல நடக்கும்போதுகூட முணுமுணுன்னு இங்கிலீஷ்தான். அந்த மிஸ் வந்த அப்புறம்தான் இது. சந்தேகமா இருந்தா போய் அவங்களையே கேளுங்க."

"கேக்கக் கூடாதுங்கிறதுதான் அங்க சட்டமாம்."

"அப்போ என்ன செய்யப் போறீங்க?"

அவர் முடிவு செய்துதான் வைத்திருந்தார். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அந்தப் பள்ளியிலிருந்தே எடுத்துவிடுவது. பரீட்சை வருஷமாவது ஒன்றாவது. அக்கா வீட்டுப் பக்கம் ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம். இதைக் கேட்டதும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் சந்தேகத்துக்கு அவள் படிப்பைப் பலி கொடுக்க நான் விடமாட்டேன், கண்ணால் எதையாவது பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கண்ணால் பார்த்துவிட்டு. அந்த வார்த்தைதான் அவரைக் கெடுத்தது.

மறுநாள் நண்பகலில், பாப்பா பள்ளியிலும் மனைவி வேலையிலும் இருக்கிற நேரமாகப் பார்த்து, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கருவிப் பை தோளில் இருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே திருடன்போல வந்தார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பூட்டின்மேல் அவர் கம்பி வைத்ததில்லை. பெற்ற மகள்தானே, பெட்டியும் நான் வாங்கியது, பூட்டும் நான் போட்டது, அப்போது சொந்தக்காரன் நான்தானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிப் பார்த்தார். தன்னிடம் வருகிற ஒவ்வொரு புருஷனும் இதையேதான் சொன்னான் என்பதும் கூடவே நினைவு வந்தது. வலது கையின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

பூட்டு ஒரு தொடுகைக்குத் திறந்துகொண்டது. கிறீச்சென்று வீடே அலறியது.

உள்ளே சில புத்தகங்கள், ஒரு சீப்பு. அடியில் சுருட்டி வைத்த ஆண்பிள்ளைச் சட்டை. வெளிறிய நீல நிறம். காலர் நைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். உழைக்கிற ஆளின் வியர்வை. பள்ளிக்கூடப் பையனின் சட்டை இல்லை, வளர்ந்த, வேலைக்குப் போகிற எவனோ ஒருவனுடையது.

ஊரில் உள்ள பாதிச் சாவிகளைத் தொட்டே இன்னார் வீட்டுச் சாவி என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். ஆனால் வாழ்நாளில் ஒரு சட்டையைக்கூடத் தானாகப் போய் வாங்கியதில்லை. மனைவி ஆணியில் எதை மாட்டுகிறாளோ அதைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் காக்கி அங்கியையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள்.

இருந்தபடியே சுருட்டி வைத்தார். பெட்டியை மூடினார். பூட்டைப் போட்டார். அப்புறம் அந்தக் கை, எஜமானன் கலங்கிப்போய் எங்கேயோ இருக்கும்போது, தன் வழக்கப்படி பைக்குள் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்தது. பூட்டின் வாயில் ஒரு சொட்டு விட்டது, திருகிப் பார்த்தது, துணியால் துடைத்தது. செய்தது அவருக்கே தெரியாது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இருட்டுகிற நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்தபோது பாப்பா தரையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வந்தது, சத்தமே இல்லை. அவருக்கு அது உறைக்கவில்லை. அவர் தலையில் நீலச் சட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

அன்றிலிருந்து சாப்பிடும்போது பாப்பா அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு, முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று பூட்டுக்காரர் கணக்குப் போட்டார். கணக்கு என்னவோ சரிதான், ஆளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார். மனைவியிடம் சட்டையைப் பற்றிச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால், எப்படிப் பார்த்தீர்கள் என்பாள்.

இந்த நிலையில்தான் ஜெராக்ஸ் வந்து, நாளைக்குப் பெற்றவர்கள் வந்து அந்த வகுப்பைப் பார்க்கலாமாமே, போவோமா என்றார்.

"எனக்குத் தெரியாதே."

"பாப்பா சொல்லலையா? எல்லாப் பசங்க கிட்டயும் சொல்லி அனுப்பியிருக்காங்களே."

அதுவும் அவர் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது. பூட்டுக்காரர் அன்று மாலை பாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு ஜெராக்ஸோடு கிளம்பினார். சட்டைக்காரன் யாரென்று பார்த்துவிடுவது, அந்த டீச்சரின் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்பது, கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. திட்டம் அவ்வளவுதான்.

வகுப்பறை ஜெராக்ஸ் சொன்னபடியே இருந்தது. சுவரோரமாகப் பெஞ்சுகள், நடுவில் கைப்பிடி இல்லாத மர நாற்காலி. டீச்சர் ஒல்லியாக இருந்தார். ஓயாமல் பேசித் தேய்ந்த தொண்டை. பெற்றவர்களைப் பின்சுவரோரம் நிற்கவைத்துவிட்டு, தமிழிலேயே விளக்கினார். நீ நீயாகவே நின்று இங்கிலீஷ் பேசு என்றால் இந்த வயதில் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தப்பு வந்தால் சிரிப்பார்களே என்று. வேறு ஆளாக உட்கார்ந்தால், தப்பு அந்த ஆளுடையது. அதனால் தங்களைச் சுற்றி வேலை செய்கிற ஒருவரைக் கொஞ்ச நாள் கவனித்து, முதலில் நடையைப் பிடிக்க வேண்டும், அப்புறம் கை, அப்புறம் குரல், கடைசியில்தான் இங்கிலீஷ். நாற்காலியில் சொன்னது நாற்காலியோடு, எழுந்தபின் யாரும் கேட்கக் கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பூட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். ஏமாற்றுகிறவர்களின் பேச்சு எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் ஜெராக்ஸின் மகன் பஸ் டிரைவராக வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். ஒரு வார்த்தை வராமல் அவன் கையைச் சுழற்றியபோது, நாலைந்து பேர் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். அவன் தப்பாகச் சொன்னபோது டீச்சர் நிறுத்தவில்லை. அடுத்த கேள்வியில் அதே வாக்கியத்தைச் சரியாக வைத்துக் கேட்டார், பையன் தன்னை அறியாமல் சரியாகத் திருப்பிச் சொன்னான். உங்கள் பஸ்ஸில் கண்ணாடிக்குப் பக்கத்தில் என்ன தொங்குகிறது, மழையில் எந்தத் திருப்பத்தில் பயப்படுவீர்கள் என்றெல்லாம் கேள்வி போனது. உட்கார்ந்திருக்கிறவன் நிஜ ஆளா, போலியா என்று தட்டிப் பார்க்கிற கேள்விகள். பீரோவின் மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று தான் கேட்பது பூட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. அவர் கட்டியிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்து, கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. சரளைக் கல் உருள்கிற அதே இருமல்.

பூட்டுக்காரர் விறைத்துப் போனார். கதவு திறந்தது. நீலச் சட்டை உள்ளே வந்தது. தோளில் ஒரு பை, முதுகில் லேசான வளைவு, இடது காலைத் தேய்த்து நடக்கிற நடை. நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்து, சந்தேகத்தோடு சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தது. கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்திருந்த பாப்பா.

ஜெராக்ஸ்தான் முதலில் சிரித்தார். "அண்ணே, இது நீங்க. அப்படியே நீங்க."

"நான் இப்படியா இருமுறேன்?"

"ஊருக்கே தெரியுமே அண்ணே. நீங்க தெரு முனையில வரும்போதே நான் மெஷினைப் போட்டுடுவேன்."

மழையில் வாசலில் நின்று கேட்ட குரல், ஜன்னலுக்கு வெளியே தேடிய ஆள், பெட்டிக்குள் கிடந்த வியர்வை. எல்லாம் தான்தான். பூட்டுக்காரருக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. சிரிப்புக்கூட வந்துவிட்டது. அப்போதுதான் பாப்பா பின்சுவரைப் பார்த்தாள். அவரை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் அவள் முகத்திலிருந்து பூட்டுக்காரர் போய், பாப்பா வந்தாள். பிறகு மெதுவாக, மறுபடியும் பூட்டுக்காரர் வந்தார்.

கேள்விகள் ஆரம்பித்தன. ஜெராக்ஸ் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "முதல்ல என்ன செய்வீங்கன்னு கேக்குது அந்தப் பொண்ணு. உக்கார வெச்சுத் தண்ணி குடுப்பேங்கிறா. ஆளுங்களை நம்புவீங்களான்னு கேக்குறான். இல்ல, பூட்டை நம்புவேன்னு சொல்றா." வகுப்பு சிரித்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுப்பி நிற்கவைத்தால் அழுத பெண் என்று பூட்டுக்காரருக்கு நெஞ்சு விம்மியது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, உங்கள் தொழிலில் சட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பதில் வந்தது. பெண் உட்காரப் போனாள். டீச்சர் விடவில்லை. விரலைத் தூக்கி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"எப்பவுமேவான்னு கேக்குறாங்க" என்றார் ஜெராக்ஸ்.

நாற்காலியில் இருந்த பூட்டுக்காரரின் வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பித்தது. பின்சுவரோரம் நின்ற பூட்டுக்காரர் தன் கையைக் குனிந்து பார்த்தார். அதுவும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

"ஒன்ஸ்" என்றது நாற்காலி.

"ஒரே ஒரு தடவை மட்டும் சொந்தக்காரர் பக்கத்துல இல்லையாம். யாரோட பூட்டுன்னு கேக்குறாங்க." ஜெராக்ஸ் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "மகளோடதாம். ஏன் திறந்தீங்கன்னா… என் வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு, பயந்துட்டேன், அது என் குரல்னு எனக்குத் தெரியலன்னு…" அவர் குரல் தேய்ந்தது.

எப்படி மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். இதற்கு ஜெராக்ஸ் தேவைப்படவில்லை.

"ஆயில்" என்றாள் பாப்பா, அவருடைய குரலில். இருமினாள். பிறகு எழுந்துவிட்டாள்.

வகுப்புக்கு அது புரியவில்லை, ஆனாலும் கைதட்டியது. பூட்டுக்காரர் மட்டும் தன் கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் திரும்பிய சாவி இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. பாப்பா தொப்பியை எடுத்தாள், நீலச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். பூட்டுக்காரர் அங்கேயே தங்கிவிட, சீருடையில் ஒரு பெண் நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் ஜெராக்ஸால் அடக்க முடியவில்லை. "அண்ணே, நிஜமாவா அது?"

பின்னால் வந்த டீச்சர் காதில் அது விழுந்துவிட்டது. "நாற்காலியில சொன்னதை இங்க கேக்கிறதில்ல சார். பெத்தவங்களுக்கும் அதே சட்டம்தான்."

ஜெராக்ஸ் வாயை மூடிக்கொண்டார். அவர் வாய்க்கும் பூட்டு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டுவதற்காக நாலு கேள்வி சுமந்துகொண்டு வந்த பூட்டுக்காரர், அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

பாப்பாவும் அவரும் சேர்ந்து நடந்தார்கள். மழைவிட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று கேட்பாள், சொல்ல வேண்டியிருக்கும். கடை வந்தது. பாப்பா வீட்டுப் பக்கம் திரும்பாமல் உள்ளே வந்து, தன் பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு பூட்டு வேணும்பா."

அவர் அவசரமாக எழுந்து, தலையை இடித்துக்கொண்டு, மேல் வரிசையில் இருந்த கனத்த பூட்டை எடுத்தார். கடையிலேயே அதுதான் உயர்ந்த சரக்கு. "இதைப் போட்டுக்க. லேசுல யாராலயும் திறக்க முடியாது."

"உங்களால?"

அவர் பொய் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. "கொஞ்சம் நேரமாகும்."

"உங்களால திறக்க முடியாத பூட்டு கேக்கலப்பா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க திறக்காத பூட்டு வேணும்."

பூட்டுக்காரர் அந்தக் கனத்த பூட்டை இருந்த இடத்திலேயே மாட்டினார். கண்ணில் தூசி விழுந்தவர்போலத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"பழசு எங்க?"

அவள் புத்தகப் பையிலிருந்து குட்டிப் பூட்டை எடுத்தாள். அது வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம் என்று பையில் போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இங்க வா பாப்பா. பக்கத்துல நில்லு."

அவள் வந்து நின்றாள். அவர் பூட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றிக் கழுவினார். எடுத்துக் குலுக்கினார், மறுபடியும் கழுவினார், துணியை முறுக்கி வாய்க்குள் விட்டுத் துடைத்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். சத்தமில்லை. எண்ணெய் நன்றாக ஊறியிருந்தது. மெஷினுக்கடியில் கையை விட்டு ஒரு சிட்டிகை பித்தளைத் தூளை எடுத்துப் பூட்டின் வாயில் தூவினார். நல்ல பூட்டைக் கெடுக்கிற வேலையை அந்தக் கை முதன்முதலாகச் செய்தது. மறுபடியும் திருப்பினார். லேசாக முனகியது. இன்னொரு சிட்டிகை. அடுத்த தடவை போட்ட கிறீச்சில் பக்கத்துக் கடையிலிருந்து ஜெராக்ஸ் எட்டிப் பார்த்தார்.

பழக்க தோஷம், கை எண்ணெய்க் குப்பியை நோக்கிப் போனது. பாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

இருட்டியபின் வீட்டுக்கு வந்த மனைவி கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, உள்ளறையில் வீடே அலறும்படி பூட்டுச் சத்தம் கேட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பூட்டுக்காரர் வீட்டுல இப்படி ஒரு பூட்டா? ஊரார் பூட்டுக்கெல்லாம் விடுறீங்களே, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாத்தான் என்ன?"

"வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர்.

உள்ளே பாப்பா, திறக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லாமலே, இன்னொரு தடவை சாவியைத் திருப்பினாள்.